தறிக்கு இரண்டு ஓட்டு

ஒரு ஊர் யாருக்கு ஓட்டுப் போடும் என்பதை அந்த ஊர் டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் சொல்லிவிடுவேன் என்று மலேசியாவின் கிள்ளானில் எனக்கு ஒரு பெயர் உண்டு. இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலை நடத்தியவள் நான். வாத்தியார், லோரி ஓட்டுநர், பிள்ளையை அழைத்துப்போக வந்த அப்பாமார் என்று எல்லார் வாயும் என் முன்னால்தான் திறக்கும். எங்கள் தொகுதியில் என் கணக்கு தப்பியது ஒரே ஒரு முறை. அதற்கும் மழைதான் காரணம் என்று இன்றுவரை சாதித்து வருகிறேன்.

அந்தத் தெனாவெட்டோடுதான் காஞ்சிபுரத்தில் இறங்கினேன். மகளுக்குக் கல்யாணம். சொல்லி வைத்திருந்த கூறைப்புடவையை வாங்கிக்கொண்டு பதினோராம் நாள் விமானம் ஏற வேண்டும். வந்த வேலை அவ்வளவுதான்.

முதலில் வயிற்றைக் கவனித்தேன். காஞ்சிபுரம் இட்லி எங்கள் ஊர் இட்லி மாதிரி வெள்ளையாகப் பூப்போல இருக்காது. மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு, கூடையில் இலை வைத்து அவித்து, வட்டமாக அறுத்துத் தருகிறார்கள். என் சிற்றுண்டிச்சாலையில் இதை வைத்தால் பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுவார்கள். நான் மூன்று துண்டு சாப்பிட்டேன். நான்காவதைத் தாளில் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

புடவை நகரத்தில் இல்லை, மாகறல் போகிற வழியில் ஒரு ஊரில் தறியில் இருக்கிறது என்றார்கள். அந்த ஊர்ப் பெயரை எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். காரணம் போகப் போகத் தெரியும். அன்வர் பாய் என்பவரின் ஆட்டோ கிடைத்தது. தறிகளுக்குச் சரிகை கொண்டுபோய்க் கொடுக்கிற வண்டி அது. பின்சீட்டில் பாதி சரிகைப் பெட்டி, மீதிப் பாதி நான்.

ஊர் எல்லையில் வண்டி நின்றுவிட்டது. எதிரே ஒரு வேன், ஒலிபெருக்கி, பின்னால் ஐம்பது பேர். ஊராட்சித் தலைவர் தேர்தல் நடக்கிறதாம். பெரிய தேர்தல்களில் ஒருவரை ஒருவர் கண்டாலே ஆகாத இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே வேனில் தோளோடு தோள் உரசிக்கொண்டு, "பூட்டு சாவி! பூட்டு சாவி!" என்று கத்திக்கொண்டு போனார்கள்.

"இது இன்னா கூத்து பாய்?" என்றேன். ஒரு மணி நேரத்தில் அவர் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டது.

"பஞ்சாயத்து எலெக்‌ஷன்ல கட்சி சின்னம் கெடையாதுமா. சட்டசபைன்னா இந்தத் தெரு ஒரு கட்சி, அந்தத் தெரு ஒரு கட்சி, அப்பன் போட்டதுல புள்ள போடுவான். இதுல அப்டி இல்ல. யாரு மூஞ்சி, யாரு சொந்தம், யாரு கிட்ட வேலை. அவ்ளோதான். பூட்டு சாவில நிக்கிறது முதலாளியோட தம்பி சம்சாரம். ஜெயிச்சாச்சுன்னே வச்சிக்கோங்க."

முதலாளி என்றால் அந்த ஊர்த் தறிகளுக்கெல்லாம் பட்டும் சரிகையும் கொடுத்து, நெய்த புடவையை வாங்கிக்கொள்கிறவர். என் புடவைக்கும் அவரிடம்தான் சொல்லியிருந்தேன்.

தெருவுக்குள் போனால் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். ஒரு வீட்டில் மட்டும் சத்தமில்லை. அதுதான் நான் தேடி வந்த வீடு. என் விதி அப்படி. நெசவாளர் பூபதி வாசற்படியில் குந்தி டீ குடித்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேசாத ஆள் என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

"என் மகள் புடவை?"

"தறியிலதான் இருக்குதுமா. ரெண்டு மொழம் பாக்கி."

"நெய்ய வேண்டியதுதானே?"

"பாதித் தறி ஓட்டு கேக்கப் போயிருக்குது."

எனக்குப் புரியவில்லை. உள்ளே அழைத்துப் போய்க் காட்டினார். என் மகள் கேட்டது கோர்வைப் புடவை. உடல் அரக்குச் சிவப்பு, கரை கிளிப்பச்சை. தரையில் வெட்டிய குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெசவாளர் உடலுக்கான நாடாவை ஓட்டுவார். நூல் சுற்றிய சின்னப் படகு போன்ற கட்டைதான் நாடா. வலதுகைக் கரைக்கு இன்னொருவர் ஓரமாக உட்கார்ந்து வேறொரு நாடாவைப் போட வேண்டும். சிவப்பும் பச்சையும் சேரும் இடத்தில் ஒவ்வொரு இழையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால்தான் கோர்வை. ஒருவர் எழுந்துவிட்டால் மற்றவரும் எழ வேண்டியதுதான். பூபதிக்குக் கரை போடுகிறவர் அவர் மனைவி செல்வி. அவள் இப்போது மூக்குக்கண்ணாடிச் சின்னத்தில் நிற்கிறாள். யாரை எதிர்த்து? முதலாளியின் தம்பி மனைவியை!

"எதற்கு இந்த வேலை?" என்று கேட்டேன். எனக்குப் புடவைக் கவலை.

பூபதி காலடியில் இருந்த குழியைக் காட்டினார். தெருவில் கால்வாய் இல்லை. மழை பெய்தால் தெருத் தண்ணீர் முழுவதும் தறிக்குழிக்குள் இறங்கும். போன மழையில் இரண்டு மாதம் தறி நின்றதாம். மனுக் கொடுத்துப் பார்த்தார்கள். இந்தத் தடவை தலைவர் பதவி பெண்களுக்கு என்றதும், செல்வி தானே போய்ப் பெயர் கொடுத்துவிட்டாள்.

"முதலாளி ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லாம இருப்பாரா? இந்தச் சேலை முடிஞ்சா அடுத்த பாவு கெடையாதுன்னுட்டாரு. பாவு இல்லாத தறி வெறும் மரம்தானே." கொஞ்சம் நிறுத்தி, "என் ஓட்டு உங்குளுக்குத்தான் முதலாளின்னு வார்த்தை குடுத்துட்டு வந்திருக்கேன்," என்றார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. கட்டிய மனைவி நிற்கிறாள், இந்த மனிதர் எதிராளிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். பிறகு தறியில் நீளமாகக் கிடந்த பட்டு நூலைப் பார்த்தேன். அந்தப் பாவு இல்லாவிட்டால் அடுப்பு எரியாது. அதனால் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது சுலபமில்லை.

மாலையில் செல்வி வந்தாள். ஒல்லியான உடம்பு, தொண்டை கட்டியிருந்தது. என்னைக் கண்டதும் பதறிப்போய், "நைட்டு ஒக்காந்து முடிச்சிடுறோம்மா," என்றாள். விளக்கு வெளிச்சத்தில் சரிகை கண்ணைக் குத்தும் என்று பூபதி மறுத்துவிட்டார். நான் யோசித்தேன். என் பிரச்சினைக்கு ஒரே வழிதான் இருந்தது.

"எனக்குச் சொல்லிக்கொடு. பகலில் நான் கரை போடுகிறேன். நீ போய் ஓட்டுக் கேள்," என்றேன்.

பூபதி முதல் தடவையாகச் சிரித்தார்.

இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கு நான் தறி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். நாடா வரும்போது பிடித்து, இழையைக் கோத்துத் திருப்பிப் போட வேண்டும். ஐந்து நிமிடத்தில் படித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஐந்து மணி நேரம் ஆனது. நூறு பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் மீ கோரேங் நூடுல்ஸ் பரிமாறிய கை இது. அந்தச் சின்னக் கட்டையிடம் திணறியது. மத்தியானம் வரை அரைச் சாண்கூட வளரவில்லை. பூபதி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

மாலை நேரங்களில் செல்வியோடு போனேன். கிழக்கே சமணக் குடும்பங்களின் தெரு. எல்லோரும் நெல் விவசாயிகள். பொழுது சாயும்முன் சாப்பிட்டுவிடுவார்கள், அதற்குள் போய்விட வேண்டும் என்று செல்வி என்னை ஓட்டமும் நடையுமாக இழுத்துக்கொண்டு போனாள். ஜீவேந்திரன் என்ற பெரியவர் பனங்கற்கண்டு போட்ட பால் கொடுத்தார். "எங்க தெரு ஓட்டெல்லாம் உனுக்கு வரும்மா. ஆனா உந்தெருவுல நீ வாங்கலன்னா எங்குளுது போதாது," என்றார். நேர்மையான பேச்சு. எங்கள் ஊரில் வேட்பாளர் வந்தால் எல்லோரும் கையைப் பிடித்துக்கொண்டு "உங்களுக்குத்தான்" என்பார்கள். செல்வியின் தெருவிலும் அப்படித்தான் சொன்னார்கள். வீடு தவறாமல் ஆரத்தி, வீடு தவறாமல் "உனுக்கில்லாமயா?". அத்தனை பேரும் சொன்னதால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

சந்தேகத்தைத் தீர்க்க மணியின் டீக்கடைக்குப் போனேன். அந்த ஊரில் தேர்தல் கணக்கு என்றால் மணிதான். அவர் கணக்குத் தப்பியதே இல்லை என்று மூன்று பேர் என்னிடம் சொன்னார்கள். என் தொழிலே செய்கிற ஒருவரைக் கண்டதில் எனக்கு மகிழ்ச்சி, கொஞ்சம் பொறாமையும்கூட.

"தலைய எண்ணக்கூடாதுமா, தறிய எண்ணணும்," என்றார் மணி. "தறிக்கு ரெண்டு ஓட்டு. நெய்யறவனும் கரை போடுறவளும் ஒண்ணாதான் எழுந்துக்கணும், ஒண்ணாதான் போய் ஓட்டுப் போட்டுட்டு வரணும். நெய்யறவன் யாரு பக்கமோ தறி அந்தப் பக்கம். நம்ம தெருவுல முப்பத்தாறு தறி. அத்தினியும் முதலாளி பாவு. எழுவத்திரெண்டுல செல்விக்கு ஒண்ணு. அது அவ ஓட்டு."

"ஒன்றே ஒன்றா?"

"பூபதியே முதலாளிக்கு வார்த்தை குடுத்துட்டாரே!"

கடையில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். அத்தனை பேரும் ஆண்கள். நானும் தலையாட்டினேன். செல்வி தோற்றுவிடுவாள் என்று அப்போதே என் மனதில் எழுதிவிட்டேன். இதை ஒளிக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் மறுநாளே என் மூக்கு உடைந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம். பூபதி வெளியே நூல் உலர்த்தப் போயிருந்தார். நான் மட்டும் ஓரத்து இடத்தில் உட்கார்ந்து, அவர் ஓட்டிவிட்டுப் போன சில இழைகளில் நாடாவைக் கோத்துப் பழகிக்கொண்டிருந்தேன். அந்த இடம் சுவரை ஒட்டியது. சுவரில் ஒரு கை நுழைகிற அளவு சந்து உண்டு, முகம் தெரியாது. அந்தப் பக்கத்து வீட்டுத் தறியில் கரை போடுகிற கஸ்தூரியும் அதே சுவரை ஒட்டித்தான் உட்காருவாள். நூல் கண்டு கடன் வாங்குவது அந்தச் சந்து வழியாகத்தான். திடீரென்று அதிலிருந்து குரல் வந்தது.

"செல்வி, சத்தம் காட்டாத. எங்கூட்டுத் தறியில பாதி உனுக்குத்தான். கோமளா கிட்டயும் பேசிட்டேன், அவளும் அப்டித்தான் சொல்லிக்கினு இருக்கிறா. அந்தப் பக்கம் நாலு வூட்டுலயும் இதான் பேச்சு. மழைக்கு ஈரத்துல ஒக்காந்து கால் அரிச்சிக்கினு கெடக்குறது நாமதானே. ஆம்பளைங்க காதுல உழுந்தா பேஜாரு. கேட்டுச்சா?"

"ம்," என்றேன். என் வாழ்நாளில் நான் பேசிய மிகச் சின்னப் பேச்சு அதுதான்.

பூபதி வந்து பார்த்தபோது, நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்த நேரத்தில் போட்ட இழைகள் ஒன்றும் பிடித்திருக்கவில்லை. சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே விரல் நகம் அளவு வெளிச்சம் தெரிந்தது. அறுத்துத் திரும்ப நெய்தால் ஒரு நாள் போய்விடும். "இருக்கட்டும்," என்றேன். என் மகள் புடவை, என் பிழை.

அன்று மாலை செல்வியை மட்டும் கொல்லைப்புறம் அழைத்துப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள், பிறகு பாத்திரம் துலக்குகிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனுக்குக் கொஞ்சம் தெரியும்மா. அவுங்க கண்ணப் பார்த்தா தெரியும். ஊரு முழுக்கக் கேட்டுட்டேன். வூட்டுல மட்டும் கேக்கல."

"ஏன் கேட்கவில்லை?"

"கேட்டு, அவுரு இல்லன்னு சொல்லிட்டார்னா? நாளைக்கு எப்டிம்மா பக்கத்துல ஒக்காந்து கரை போடுறது? தோத்தாக்கூடப் பரவாயில்ல. அவுரு ஓட்டு வேணும்மா எனுக்கு."

அவள் அருகில் கிடந்த பாத்திரத்தை எடுத்து நானே துலக்கத் தொடங்கினேன். 

ஐந்தாம் நாள் வாக்குப்பதிவு. மணி சொன்னது அப்படியே நடந்தது. ஒரு வீட்டில் தறிச் சத்தம் நிற்கும், இரண்டு பேர் வெளியே வருவார்கள், பள்ளிக்கூடத்துக்குப் போய் விரலில் மையோடு திரும்புவார்கள், சத்தம் மறுபடியும் தொடங்கும். தெரு முழுக்க ஜோடி ஜோடியாக. கஸ்தூரி புருஷனுக்கு இரண்டடி பின்னால் பூனை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு போனாள். மணி கடை வாசலில் நின்று தாளில் இரண்டிரண்டாகக் கோடு போட்டார். நான் அவருக்கு எதிரே உட்கார்ந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு டீ குடித்தேன். பூபதியும் செல்வியும் கடைசியாகப் போனார்கள். 

எண்ணிக்கைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. செல்வி தறியில் உட்கார்ந்துவிட்டாள், எனக்கு வேலை போய்விட்டது. அவள் கை போட்ட கரையைப் பார்த்த பிறகுதான் என் கை எவ்வளவு மோசம் என்று தெரிந்தது. அன்வர் பாய் வீட்டில் ஒரு நாள் பிரியாணிக்கு அழைத்தார்கள். கத்தரிக்காய்த் தொக்கு தனியாக இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். பாய் கேட்டார்: "யாரும்மா ஜெயிப்பாங்க? கணக்கு சொல்லுவீங்களாமே." செல்வி என்றேன். அந்த ஊரிலேயே வாய்விட்டுச் சொன்ன ஆள் நான் ஒருத்திதான். பாயின் மனைவி மட்டும் எனக்கு இன்னொரு துண்டு கறி வைத்தார்.

எட்டாம் நாள் எண்ணிக்கை. உள்ளே வேட்பாளரையும் முகவர்களையும் மட்டும்தான் விடுவார்கள். செல்வி உள்ளே, நாங்கள் வெளியே புளியமரத்தடியில். முதலாளியும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, அமைதியான முகம். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஊரே தன்னுடையது என்று நினைத்துப் பழகிவிட்டவர். மூன்று மணிக்கு முகவராகப் போயிருந்த மணி வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"மூக்குக்கண்ணாடி பத்தொம்போது ஓட்டுல ஜெயிச்சிடுச்சு."

யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். நான் மட்டும் கை தட்டினேன், சத்தமாகவே.

மணிக்கு வெற்றியைவிடக் கணக்குதான் கவலை. தாளை விரித்து முணுமுணுத்தார். "நம்ம தெருப் பொட்டியில தறிக்கு ஒக்காராதவங்க ஓட்டக் கழிச்சிட்டேன். பாதித் தறி அவளுக்குன்னு வச்சாக்கூட முப்பத்தாறுதானே வரணும்? முப்பத்தேழு வருது. ஒண்ணு கூடுதே. எந்தத் தறிபா ரெண்டும் போட்டுது?"

ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாதித் தறி என்றால் அவரவர் வீட்டில் கரை போடுகிறவள் என்பது அப்போதுதான் அவர்கள் தலைக்குள் இறங்கியிருக்க வேண்டும். மணி கணக்கு அவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று எனக்கு இன்றும் நம்பிக்கையில்லை. ஆனால் பூபதி எழுந்துவிட்டார்.

"இன்னாத்துக்குத் தலையப் பிச்சிக்கிற மணி? அது என்து," என்றார். பிறகு முதலாளி பக்கம் திரும்பினார். "வார்த்தை குடுத்தது நெஜம்தான் முதலாளி. உள்ள போயி ரோஸ் ஓட்டுச் சீட்ட விரிச்சா, அவ பேரு இருக்குது. எப்டி வேற எடத்துல குத்துறது?"

முதலாளி சத்தம் போடவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இந்தச் சேலைய முடிச்சுக் குடுத்துடு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதன் அர்த்தம் மரத்தடியில் இருந்த எல்லோருக்கும் தெரியும். செல்வி சான்றிதழோடு வெளியே வந்தபோது பூபதி அவளிடம் எதுவும் சொல்லவில்லை. என்னைப் பார்த்த பார்வையில் நீயும் சொல்லாதே என்றிருந்தது. முதலாளிக்குப் பயந்து மற்றவர்களும் அதை வாயில் எடுக்கவில்லை. எட்டு நாளில் இரண்டாவது ரகசியம். எனக்கு வயிறு உப்பிவிட்டது.

பத்தாம் நாள் காலை. இன்னும் நான்கு விரல் அகலம்தான் பாக்கி. தலைவரம்மா தறி ஓரத்தில் கரை போட்டுக்கொண்டிருந்தாள். நான் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முதலாளி உள்ளே வந்தார். வந்தவர் புடவையின் கரையை விரலால் தடவிக்கொண்டே போய் நகம் அளவு வெளிச்சத்தில் நின்றார்.

"இது யாரு வேலை?"

"என் வேலை," என்றேன். "வாங்குகிறவளும் நானே. குறை சொல்ல ஆளில்லை."

அவர் என்னை விட்டுவிட்டு பூபதியிடம், "நாளைக்கு ஆள் வருவாங்க. தறியக் காலி பண்ணிக் குடுத்துடு," என்றார்.

அடுத்த வருடம் கிள்ளானிலிருந்து பத்துப் புடவைக்குச் சொல்கிறேன், இந்தத் தறியில்தான் நெய்ய வேண்டும் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். செல்வி என் கையைத் தொட்டு நிறுத்தினாள். "நீங்க போய்டுவீங்கம்மா. நான் பேசிக்கிறேன்."

அவள் எழுந்திருக்கவில்லை. நாடாவைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாள்.

"போன மழையில எத்தினி பாவு வீணாச்சு முதலாளி? எங்க பாவா அது? உங்க பட்டு, உங்க சரிகை. என் காலு நனைஞ்சா தொடச்சிக்குவேன். உங்க பாவு நனைஞ்சா யாரு தொடைக்கிறது? கால்வா எனுக்காகவா கேட்டேன்? கட்சி பார்த்தா தண்ணி தறிக்குள்ள எறங்குது?"

முதலாளி குழியைப் பார்த்தார். சுவரில் போன மழைத் தண்ணீர் நின்ற கோடு இன்னும் இருந்தது. பக்கத்து வீட்டுத் தறி நின்றுவிட்டது. கஸ்தூரி சந்தில் காதை வைத்திருப்பாள் என்று சத்தியம் செய்வேன்.

"வெள்ளிக்கிழம பாவு வரும்," என்றார் கடைசியில். "மழைக்கு முன்னாடி கால்வா வரணும். வரல, அப்புறம் பேசிக்கலாம்."

வாசல் வரை போனவர் திரும்பினார். அந்தக் கோபத்தை எங்காவது இறக்கி வைக்க வேண்டுமே.

"உன் புருசன் வார்த்தைய மட்டும் இனிமே நம்ப மாட்டேன். எனக்குன்னு சொல்லிட்டு உனக்குக் குத்தியிருக்கான். எம்மூஞ்சிக்கு நேராவே சொல்றான்!"

அவர் போன பிறகு செல்வி பூபதியைப் பார்த்தாள். அவர் பாவு நூலை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தார். நீவ அங்கே ஒன்றுமே இல்லை.

"இன்னாயா சொல்லிட்டுப் போறாரு?"

"நாடாவப் போடு," என்றார் பூபதி. "அம்மாவுக்கு நேரமாவுது."

அவள் போட்டாள். போட்டுக்கொண்டே இருந்தாள், கண்ணைத் துடைக்கவில்லை. கண் முழுக்கத் தண்ணீர் இருந்தால் இழை எங்கே தெரியும்? இருபது வருடம் கரை போட்ட கை, ஒரு விரல் நீளத்துக்கு ஒரு இழைகூடப் பிடிக்காமல் விட்டுவிட்டது. பூபதி பார்த்துவிட்டு, "அறுத்துட்டுப் போடலாம்," என்றார். 

"தொடாதீர்கள்," என்றேன். நானும் அழுதுகொண்டிருந்தேன். அதை மறைக்க எனக்கு அவசியமில்லை.

கிள்ளானில் கல்யாணம் நன்றாக நடந்தது. மகள் மணையில் உட்கார்ந்திருக்கும்போது சம்பந்தியம்மாள் குனிந்து கரையைப் பார்த்தார். விரலை வைத்துக் காட்டி, "என்னங்க, அவ்வளவு தூரம் போய் வாங்கினீங்க. இங்கே பாருங்க, ரெண்டு இடத்தில் கரை பிடிக்கவே இல்லை," என்றார்.

"முதலாவது நான் போட்டது," என்றேன். "இரண்டாவது ஓர் ஊராட்சித் தலைவர் போட்டது."

அவர் இரண்டையும் நம்பவில்லை.